உள்ளிருந்து வந்த பதில்

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே குழாயில் தண்ணீர் இல்லை. திறந்தால் காற்று மட்டும் இருமியது. தம்போயில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க இதே கதைதான். எங்கோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம்.

எவ்லின் வாளியில் மிச்சமிருந்ததை அள்ளி முகம் கழுவினாள்.

"மேல டேங்குல கொஞ்சம் இருக்குமே, அண்ணி?"

"ஒரு சொட்டு இல்ல. நேத்து நான்தான் ஜன்னல் துணி எல்லாத்தையும் தொவச்சுத் தீத்துட்டேன்," என்றார் வினிஃப்ரெட். "காலியா இருக்கட்டும். நல்லதுதான்."

ஏன் நல்லது என்று எவ்லின் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே தெரியும்.

வினிஃப்ரெட், எவ்லினின் கணவன் கில்பர்ட்டின் அக்காள். வீடு அவருடையது. சலவைக்கடையில் ஆயுசெல்லாம் இஸ்திரிப் பெட்டி தள்ளி வாங்கிய வீடு. கோத்தா திங்கியில் செம்பனை ஆலைக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுத் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் சாமானோடு வந்து நின்றபோது, வாருங்கள் என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. ஓர் அறையைக் கூட்டிப் பாய் போட்டார்.

அந்தப் பாயில்தான் கில்பர்ட் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். பசி, தூக்கம், ருசி என்று ஒவ்வொன்றாக அவனிடம் வேலையை விட்டுப் போயின. கடைசியில் அவனும் போகப் பார்த்தான். ஆலை வேலைக்காரன் அழ மாட்டான். அழுதாலும் கண்ணில் சாம்பல் விழுந்தது என்பான். அதனால் இது நோய் என்று வீட்டார் புரிந்துகொள்ளவே நாளானது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாத்திரை பிடித்தது. எழுந்து நடந்தான், குளித்தான், சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டான்.

போன தடவை விடுப்பில் வந்தபோதுதான் அது நடந்தது. எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஏணி போட்டுக் கூரை இடுக்கில் ஏறி, தண்ணீர் டேங்கின் மூடியைத் திறந்து, இடுப்புவரை உள்ளே கவிழ்ந்து கிடந்தான். பக்கத்து வீட்டுச் சீனத்தாத்தா கூரையில் சத்தம் கேட்டு ஓடி வந்திராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். எதற்கு ஏறினாய் என்று கேட்டதற்கு, "உள்ள தட்டுறான்" என்றான்.

மேலே எதுவும் இல்லை. ஏறிப் பார்த்தார்கள்.

---

கில்பர்ட்டை ஒரு நாள் விடுப்பில் வீட்டுக்கு அழைத்துவர எவ்லின் போனபோது, வார்டு நடைபாதையில் கஸ்தூரி காத்திருந்தாள். சின்னப் பெண்தான். மருத்துவமனையில் ஆலோசகர். மனச்சோர்வு நோயாளிகளை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள். மனவிழிப்புப் பயிற்சி என்று அதற்குப் பெயர். நோயாளிகள் அதை 'உக்கார்ற வகுப்பு' என்பார்கள்.

"போன வாரம் வகுப்புல ஒன்னு நடந்துச்சு, தெரியுமா?"

"அவரு நாற்காலியத் தட்டினாருன்னு நர்ஸ் மிஸி சொன்னாங்க," என்றாள் எவ்லின்.

"தட்டினாரு. அப்புறம் காதச் சாச்சுக் கேட்டாரு. 'பதில் வந்துருச்சு'ன்னாரு." கஸ்தூரி வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "பக்கத்துல இருந்த அம்மா கண்ணத் தொறந்து, 'ரெண்டாவது தட்டினது யாரு?'ன்னு என்னையக் கேட்டாங்க."

எவ்லின் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பக்கத்துல கழிவறை இருக்கு. பைப்பு," என்றாள் கஸ்தூரி. "பைப்புன்னுதான் நெனைக்கிறேன்."

"இப்ப நான் என்னா செய்யணும்?"

"வீட்ல ஒரு தடவ உக்காந்து செய்யட்டும். போன்ல என் குரல் இருக்கு, அது சொல்றபடி போகட்டும். நீங்க கூடவே உக்காருங்க. சத்தம் வந்தா, அது எப்படி இருக்குன்னு மட்டும் கேளுங்க. எங்கேருந்து வருது, கூரா இருக்கா, மெத்துனு இருக்கா. அவ்வளவுதான். யாரு, எதுக்கு வந்தேன்னு மட்டும் கேக்காதீங்க. அந்தக் கேள்வியிலதான் அவரு உள்ள விழுந்துடுறாரு."

"சத்தத்த வெரட்ட வேணாமா?"

"வெரட்டவும் வேணாம், கூப்பிடவும் வேணாம். மழ பெஞ்சா கேக்கறீங்கள்ல, அந்த மாதிரி." குரலைத் தணித்துக்கொண்டாள். "இன்னிக்கு நல்லபடியா போயிட்டா, அடுத்த வாரம் டாக்டர் வீட்டுக்கு அனுப்புறதப் பத்திப் பேசுவாரு. மறுபடி மேல ஏறிட்டாருன்னா, ரொம்ப நாள் ஆகும்க்கா. அதுக்குள்ள அவருக்கே நம்பிக்க விட்டுடும். அதுதான் எனக்குப் பயம்."

எவ்லினுக்கும் அந்த ஒன்றுதான் பயம். மற்றதையெல்லாம் அவள் பார்த்தாயிற்று.

எவ்லின் காடியை ஓட்ட, கில்பர்ட் முன்னால் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டான். பெரிய கை. ஆலையில் சுட்ட வடுக்கள் முழங்கை வரைக்கும் இருந்தன.

"பசியாறிட்டீங்களா?"

"ம். ரொட்டி." கொஞ்ச தூரம் போனதும் தானாகவே பேசினான். "ஒரு நாளு ஒலந்த திராட்ச ஒன்னு குடுத்தாங்க, எவ்லின். ஒன்னே ஒன்னு. அதப் பாத்து, மோந்து, நாக்குல வெச்சு, அப்படியே உக்காந்திருக்கணும். மெல்லக் கூடாது. ஆலையில அந்த நேரத்துல ஒரு லோரி செம்பனக் கொலைய எறக்கிருவோம்."

"சிரிப்பு வரல?"

"வந்துச்சு. அப்புறம் கடிச்சேன்." வெளியே பார்த்தான். "இனிச்சுது. ரொம்ப நாளு கழிச்சு ஒன்னு ருசியா தெரிஞ்சுது."

எவ்லின் கியரை மாற்றுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

---

வினிஃப்ரெட் கடையில் வாங்கிய தண்ணீரில் சோறாக்கி, கோழிப் பெரட்டல் வைத்திருந்தார். தம்பியின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"எளைச்சிட்ட."

"நீ குண்டாயிட்டக்கா."

"வாய் மட்டும் எளைக்கல."

அதோடு அவருக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் எவ்லின் கூடத்தில் பாயை விரித்து, கைப்பேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்ததும் முகம் மாறிவிட்டது.

"இது வேணுமா, எவ்லின்?"

"ஆஸ்பத்திரியில சொன்னது அண்ணி."

"மாத்திர குடுக்கட்டும், ஊசி போடட்டும், நான் ஒன்னும் சொல்லல. கண்ண மூடி மனசக் காலி பண்ணிட்டு உக்காந்தா, காலி எடத்துல கண்டதும் வந்து குந்தும். எங்க ஜெபக் கூட்டத்துல தெளிவா சொல்லிட்டாங்க."

"காலி பண்றதில்லக்கா," என்றான் கில்பர்ட். "இருக்கிறத இருக்குன்னு பாக்கறது. அவ்வளவுதான்."

"உள்ள இருக்கிறது எதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எவ்லினும் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டிவிட்டாள்.

கஸ்தூரியின் குரல் கூடத்தில் மெதுவாக நடந்தது. பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். குளிர்ச்சியா, சூடா. மாற்ற வேண்டாம். கவனித்தால் போதும்.

கில்பர்ட்டின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எவ்லினுக்கும் பாதம் தெரிந்தது. ஓடியோடிப் பாதம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் வெளியே ஹாரன் அடித்தது.

"அலமாக், தண்ணி லோரி," என்று வினிஃப்ரெட் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "எனக்கு வாளி தூக்க முடியாது, எவ்லின். இப்ப விட்டா சாயங்காலம் வரைக்கும் வராது. நீ ஓடு. நான் இவன்கூட உக்காந்துக்கிறேன்."

எவ்லின் தயங்கினாள். கில்பர்ட் கண்ணைத் திறக்காமலே, "போயிட்டு வா. நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றான்.

"அண்ணி, சத்தம் கித்தம்னு சொன்னா ஒன்னும் பேசாதீங்க. யாருன்னு கேக்காதீங்க."

"போ லா. எனக்குத் தெரியாதா என் தம்பிய."

வாளிகள் மோதிக்கொள்ளும் சத்தம் சந்து முனைவரை போய்த் தேய்ந்தது.

---

வினிஃப்ரெட் கெட்டவர் இல்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பால்மரத் தோட்டத்தில் ஒட்டுப்பால் பொறுக்கியவர். அவன் உடம்பில் அவர் கை படாத இடம் கிடையாது. அந்த உடம்புக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார். அதை வெளியே போகச் சொல்லாமல், 'கவனியுங்கள்' என்கிறாள் ஒரு சின்னப் பெண்.

எட்டிக் கைப்பேசியை அணைத்தார்.

குரல் நின்ற இடத்தில் வீடு பெரிதாகிவிட்டது போல் இருந்தது. கில்பர்ட் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் சீராகப் போய் வந்தது.

ஜெபித்த எண்ணெயை எடுத்துத் தம்பியின் நெற்றியில் சிலுவை இட்டார். தலையில் கை வைத்தார். ஜெபக் கூட்டத்தில் முதல் காரியமாகப் பெயரைத்தான் கேட்பார்கள். பெயர் தெரிந்தால்தான் போகச் சொல்ல முடியும் என்பார்கள்.

"யாரு நீ?" என்றார். "எதுக்கு இவனப் புடிச்ச? பேரச் சொல்லு."

கில்பர்ட்டின் இமை துடித்தது.

"வாயில்லையா? வாயில்லன்னா தட்டு. இங்க இருக்கன்னா தட்டிக் காட்டு." மறு கையால் சோற்றுக் கரண்டியை எடுத்துப் பக்கத்து ஜன்னல் கம்பியில் ஓங்கித் தட்டினார்.

கம்பியின் அதிர்வு அடங்கியது. வெயிலில் கூரைத் தகடு நெளிகிற சத்தம். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள்.

அப்புறம், தலைக்கு நேர் மேலே, சீலிங்குக்கு அந்தப் பக்கம், தட்டியது.

அவசரமே இல்லாத தட்டல். ஒன்று. நிறுத்தி, இன்னொன்று. நிறுத்தி, இன்னொன்று. வலுவில்லாதவர் தட்டுவது போல.

வினிஃப்ரெட்டின் கை தம்பியின் தலையிலிருந்து தானாக நழுவியது. ஜெபம் வாயில் வரவில்லை. கூப்பிட்டவர் அவர்தான். ஆனால் யாரும் வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

கில்பர்ட் கண்ணைத் திறந்து அக்காளைப் பார்த்தான்.

"கேட்டுச்சுல்ல?"

"இல்ல."

"கேட்டுச்சு. ஒன் மூஞ்சி சொல்லுது." அவன் சிரித்தான். நெடுநாளாக அவன் முகத்தில் இல்லாத சந்தோஷம் அது. அதைப் பார்த்துத்தான் வினிஃப்ரெட் சுவரோரம் ஒதுங்கினார். "எனக்கு மட்டும் கேக்கலக்கா. ஒனக்கும் கேட்டுச்சு."

எழுந்து போய்ப் பின்கட்டிலிருந்து ஏணியைத் தூக்கி வந்தான்.

---

எவ்லின் இரண்டு வாளித் தண்ணீரோடு உள்ளே வந்தபோது, குளியலறைக்கு முன்னால் ஏணி நின்றது. சீலிங் மூடி திறந்து கிடந்தது. கில்பர்ட்டின் இடுப்புக்கு மேலே இருட்டுக்குள் போயிருந்தது. வினிஃப்ரெட் அவன் கணுக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகையும் ஜெபமுமாக நின்றார்.

வாளியைக் கீழே வைத்தாள். தண்ணீர் அலம்பிப் பாதம் நனைந்தது. குளிர்ச்சி. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கால விடுங்க அண்ணி."

"விட்டா போயிடுவான்."

"புடிச்சா ஒதறிட்டுப் போவாரு. விடுங்க. என்னா செஞ்சீங்க?"

வினிஃப்ரெட் பிடியை விட்டார். அணைந்த கைப்பேசியும் நெற்றியிலிருந்து வழிந்து ஏணிப்படியில் சொட்டியிருந்த எண்ணெயும் சொல்லின.

எவ்லின் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கக்கூடாது. சந்தையில் மீன் விலை கேட்பது போலக் கேட்டாள்.

"என்னாங்க. கையில என்னா இருக்கு?"

மேலே அசைவு நின்றது.

"டேங்கு," என்றது குரல். கூரை இடுக்கில் அது வேறு யாருடையதோ போல ஒலித்தது.

"சூடா இருக்கா?"

"சூடுதான். வெயிலு."

"மூடியத் தொறந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல." அப்புறம், "உள்ள ஆளு இருக்கு, எவ்லின். தட்டுறான். இந்தத் தடவ சீக்கிரம் தொறந்துருவேன்."

"தொறக்கலாம். அதுக்கு முன்ன மூச்ச ஒரு தடவ விடுங்க. நானும் விடுறேன்."

அவன் விட்டானா தெரியவில்லை. அவள் விட்டாள். பாதி மூச்சில் அது வந்தது.

மெதுவாக. நிறுத்தி. மறுபடி மெதுவாக.

காதால் கேட்டதாக எவ்லின் சத்தியம் செய்ய மாட்டாள். அலுமினிய ஏணி வழியாக இறங்கி அது அவள் உள்ளங்கையில் வந்து சேர்ந்தது. தண்ணீர் திரும்பி வருகிறது, குழாயில் காற்று தட்டுகிறது என்று நினைக்கப் பார்த்தாள். குளியலறைக் குழாயைத் திறந்தேதான் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெருமூச்சுகூட இல்லை.

'யாரு' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைக் கடித்து விழுங்கினாள்.

"எப்படி இருக்குங்க, அந்தச் சத்தம்?"

"என்னா?"

"யாருன்னு வேணாம். சத்தம் எப்படி இருக்கு. கூராவா, மெத்துன்னா?"

அவன் பதினெட்டு வயதிலிருந்து ஆலையில் நின்ற ஆள். கொதிகலன் நோவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவான். அந்தக் காதை இத்தனை மாதமும் துக்கம் அடைத்திருந்தது. இப்போது அது வேலைக்குத் திரும்புவதை, அவன் கால் விரல்கள் படியை இறுக்கிப் பிடிப்பதில் எவ்லின் பார்த்தாள்.

"மெத்துனு இருக்கு," என்றான். குரல் மாறியிருந்தது.

"அண்ணி, ஒங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"என்னைய ஏன் கேக்கற?"

"சொல்லுங்க."

வினிஃப்ரெட் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "கையால தட்டின மாதிரி. உள்ளங்கையால. கதவத் தட்டத் தெம்பில்லாம கைய வெச்சு வெச்சு எடுக்கிற மாதிரி."

மேலே கில்பர்ட் அசையவே இல்லை.

"கை," என்றான். "ஸ்பேனர் இல்ல."

ஒரு கால் கீழ்ப்படியைத் தேடியது. அப்புறம் மற்றக் கால். மூடியைத் திறக்காமலே இறங்கி வந்தான். முகமெல்லாம் நூலாம்படை. கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எவ்லின் அப்போதுதான் ஏணியிலிருந்து கையை எடுத்தாள்.

---

அன்றைக்கு ஆலையில் நடந்ததை அவன் வார்டிலும் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. இப்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

எண்ணெய்க் கசடு சேரும் பெரிய இரும்புத் தொட்டி. உள்ளே நடுவில் ஒரு தடுப்பு. கசடு வழிக்க ஆள் இறங்கினால் மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும். இருட்டில் முகம் தெரியாது, கத்தினால் எதிரொலியில் வார்த்தை புரியாது. அதனால் மேலே நிற்கிறவன் இரும்பில் தட்டுவான். உள்ளே இருக்கிறவன் ஸ்பேனரால் திருப்பித் தட்டுவான். ஸ்பேனர் கசட்டில் விழுந்தால் கிடைக்காது என்பதால், கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

"வேலையில பாதி போனப்பதான் என்னைய நிக்கச் சொன்னாங்க. எனக்கு முந்தி நின்னவன், 'உள்ள யுகேந்திரன் இருக்கான், பாத்துக்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். நான் தட்டினேன். ஸ்பேனர் சத்தம் வந்துச்சு. படபடன்னு தட்டுவான் அவன், அவசரக்காரன். மறுபடி தட்டினேன், வந்துச்சு. அப்புறம் தட்டினேன், வரல."

விஷக்காற்று. பொம்பா தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கி, யுகேந்திரனைத் தூக்கி வந்து தரையில் கிடத்தினார்கள். உயிர் இல்லை. எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"நான் மட்டும் தொட்டிக்கிட்ட நின்னேன். கை சும்மா இருக்கல. பழக்கம். இன்னொரு தடவ தட்டினேன்." தன் உள்ளங்கையைப் பார்த்தான். "பதில் வந்துச்சு."

வினிஃப்ரெட் சிலுவை போட்டுக்கொண்டார்.

"உயிரோட இருக்கான், தட்டுறான்னு கத்தினேன். அவன் என் காலடியில செத்துக் கெடக்கறான், நான் அவன் தட்டுறான்னு கத்தறேன். புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. பாவம், அதிர்ச்சியில புத்தி கலங்கிருச்சுன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அவன் ஆவி போகாம தட்டுது, நான் தொறக்கலன்னு தட்டுதுன்னு நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும்."

"இப்ப?" என்றாள் எவ்லின்.

"யுகேந்திரன தூக்கிட்டு வந்தப்ப அவன் மணிக்கட்டுல ஸ்பேனர் கயித்தோட தொங்குச்சு. நான் பாத்தேன். அவனுக்குக் கையால தட்ட வேண்டிய அவசியமே இல்ல." நிமிர்ந்தான். கண்ணில் கலக்கம் இல்லை. அதுதான் எவ்லினுக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது. "அன்னிக்குக் கேட்டது மெத்துனு இருந்துச்சு, எவ்லின். மெதுவா இருந்துச்சு. கடைசியா கேட்டது அவன் இல்ல. தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆளு இருந்திருக்கான்."

எவ்லின் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தொட்டிய அப்புறம் தொறந்தாங்களா?"

"எங்க தொறந்தாங்க. மூடிய வெல்டிங் பண்ணிட்டு, பக்கத்துத் தொட்டிய ஓட்டறாங்க."

"ஆளு கொறஞ்சா கணக்குத் தெரியாதா, தம்பி?" என்றார் வினிஃப்ரெட்.

"கணக்குல இருக்கிற ஆளு கொறஞ்சாத்தானக்கா தெரியும். பெர்மிட் இல்லாம எத்தன பேரு வந்து கசடு அள்ளிட்டுப் போறான். அவன் வரலன்னா ஓடிட்டான்னு அடுத்த ஆளக் கூப்பிடுவாங்க."

எவ்லின் மனதுக்குள் கூட்டிக் கழித்தாள். சாயங்காலம் இவனை வார்டில் கொண்டுபோய் விட வேண்டும். நடந்ததைக் கஸ்தூரியிடம் சொல்ல வேண்டும். கூரையில் தட்டிய சத்தத்தை வைத்துக்கொண்டு, வெல்டிங் வைத்த தொட்டிக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்று மனநல வார்டு நோயாளி சொன்னால், எந்த டாக்டர் வீட்டுக்கு அனுப்புவார்? மாத்திரையைக் கூட்டித்தான் கொடுப்பார். சொல்லாமல் விட்டால் இவன் வீட்டுக்கு வந்துவிடுவான். அந்த ஆள் அங்கேயே இருப்பான்.

"எனக்கு நோவு இல்லன்னு சொல்லல," என்றான் கில்பர்ட், அவள் நினைத்ததைக் கேட்டவன் போல. "நோவு நெசந்தான். மாத்திரையும் சாப்புடுறேன், வகுப்புலயும் உக்கார்றேன். ஆனா அன்னிக்குக் கேட்ட சத்தமும் நெசம். நான் சொன்னா பைத்தியம்பாங்க. நீ மலரக் கேளு."

மலர், யுகேந்திரனின் மனைவி. அவன் போனபிறகு பாலோ என்ற ஊரில் தாய் வீட்டில் இருக்கிறாள். எவ்லின் அவளோடு பேசி நெடுநாள் ஆயிற்று. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமலே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா? அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"இருக்காரு மலரு. பக்கத்துலதான் இருக்காரு. தப்பா நெனச்சுக்காத, ஒன்னு கேக்கணும். அன்னிக்கு... யுகேந்திரன்கூட வேற யாராச்சும் வேலைக்கு எறங்கினாங்களா? ஏதாச்சும் சொன்னாரா?"

அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. யாரோ தட்டுமுட்டு கழுவும் சத்தம்.

"வேலயப் பத்தி வீட்ல பேசவே மாட்டாருக்கா. ஏன்?"

"சும்மாதான்."

"ஆனா அந்த வாரம் ரெண்டு டிப்பன் கட்டச் சொன்னாரு," என்றாள் மலர். "புதுசா ஒரு ஆளு வந்திருக்கு, பாஷ தெரியாது, கடைக்குப் போகவே பயப்படுதுன்னாரு. பேருகூட எனக்குத் தெரியாது. தெனமும் டிப்பன் ரெண்டும் கழுவித்தான் வரும். நல்லா கழுவி வெச்சிருக்கும் அந்த ஆளு."

"அன்னிக்கு?"

மலரின் குரல் இறங்கியது.

"அவரு சாமான ஆலைக்காரங்க கொண்டுவந்து குடுத்தாங்கள்ல, அதுல ஒரு டிப்பன்தான்க்கா இருந்துச்சு. எங்கயோ தொலைஞ்சுபோச்சுன்னு விட்டுட்டேன். இப்ப எதுக்குக்கா கேக்கறீங்க?"

எவ்லின் கில்பர்ட்டைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையைச் சுவரில் தட்டையாக வைத்திருந்தான். தட்டவில்லை. வைத்திருந்தான், அவ்வளவுதான்.

மூன்று பேரும் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்கள். மூடி திறந்தே கிடந்தது. உள்ளே இருட்டு. சத்தம் இல்லை. தட்டுவதை நிறுத்திவிட்டு, யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது போல் இருந்தது.